பாக்குவெட்டிச் சத்தம்

தச்சநல்லூர்,
2.6.1996

அன்புள்ள அனுராதாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் அப்பாவை இனி வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புற்று வயிறு முழுக்கப் பரவிவிட்டதாம். நேற்று வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மார்பின் மாத்திரை தந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. நேரம் குறித்து வைக்க நோட்டு போட்டிருக்கிறேன்.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டேன். கட்டிலில் கிடந்த குமரவேல் என்னையே பார்த்தான்.

அவன் குடியை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. இதுவும் பழகிவிடுமோ? நேரத்துக்கு முன்பே, "அண்ணாச்சி, மணி ஆயிட்டா?" என்கிறான். அந்த நாளிலும் சாயங்காலமானால் இதையேதான் கேட்பான். நீ நர்ஸ். எழுது.

அன்புடன்,
சிவசைலம்

வேலூர்,
8.6.1996

அன்புள்ள பெரியப்பாவுக்கு நமஸ்காரம்.

அப்பா மணி கேட்பது வலியால். குடித்த உடம்புக்கு மருந்து கூடுதலாகவே தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அவரிடம் போய் மறைக்கலாமா? நாளைக்கே உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், ஆனால் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். மாதக் கடைசியில் லீவு கிடைக்கும். அதுவரை அப்பாவை வலிக்காமல் வைத்திருங்கள்.

அனு

தச்சநல்லூர்,
12.7.1996

அன்புள்ள அனுராதாவுக்கு,

பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாய். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டாய். கேட்டிருந்தால் நேரில் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

முதல் நாளிலிருந்தே பாதிதான் கொடுத்தேன். சமையலறையில் பாக்குவெட்டியால் நறுக்கினேன். நோட்டில் மட்டும் 'ஒன்று' என்று எழுதினேன். உன் கடிதம் வந்த பிறகும் அதையேதான் செய்தேன். அளவைக் கேட்க டாக்டரிடம் போனால், பொய் சொன்னதையும் சொல்ல வேண்டுமே. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ரசாயனம் கற்பித்தவன் நான்.

இருபத்தோராம் நாள் அவன் தலையணை உறையைக் கடித்துக் கிழித்திருந்தான். அன்றுதான் முழு மாத்திரை கொடுத்தேன். மத்தியானம் தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சவரம் செய்துவிடச் சொன்னான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, இன்னைக்கு முழுசால்லா தந்திருக்கிய" என்றான்.

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

"பாக்குவெட்டி சத்தம் கேக்குல்லா. நம்ம வீட்டுல யாரு வெத்தல போடுதா?"

"கேட்டிருக்கக் கூடாதாலே?"

"குடிகாரன் கேட்டா யாரு நம்புவா? நீங்களே பயந்து போயிருக்கிய."

அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தான். முந்திய இருபது நாளும் அவன் அப்படி வலியில்லாமல் இருந்திருக்கலாம்.

சிவசைலம்

வேலூர்,
20.7.1996

பெரியப்பாவுக்கு,

படித்தேன். அதிலிருந்து வார்டில் யாராவது மணி கேட்டால் எனக்குக் கை ஓடவில்லை. உங்களைத் திட்டி எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். அந்த டாக்டர் இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போவார். அங்கேயும் உங்களைப் போல ஒருவர் 'கிடையாதுங்க' என்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

அனு

தச்சநல்லூர்,
3.8.1996

அன்புள்ள அனுராதாவுக்கு,

இரண்டு தடவை டாக்டர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று காலை உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மிச்ச மாத்திரையையும் ஒப்படைத்தேன். அவர் திட்டவில்லை. குமரவேலின் தாளை எடுத்து, 'பழக்கம் இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் தந்தார். 'இருபத்திரண்டு வருடம் குடித்தான். அண்ணன் மறைத்தான்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். இனி வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடமே கேட்கப்போவதாகச் சொன்னார்.

ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறை ஆற்றுக்குப் போய் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். வருவாயா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அமாவாசை பதினான்காம் தேதி, புதன்கிழமை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சிவசைலம்