தெர்மோஸ்டாட் விஷயமாக, நீ எழுந்ததும் படிக்க

ஏம்மா, வீடு சில்லென்று இருக்கும், திட்டாதே. ஹீட்டர் சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தத் தெர்மோஸ்டாட்டை என் ஃபோனில் இருக்கும் நம் வீட்டு ஆப்பில் சேர்க்கப் பார்த்தேன். 'உரிமையாளர் அனுமதி தேவை' என்றது. யாரப்பா அந்த உரிமையாளர் என்று பார்த்தால், போன வாரம் வந்து மாட்டிக்கொடுத்த உன் ஆபீஸ் மேதாவி. தன் கணக்கிலேயே பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வெறும் 'விருந்தினர்'. நம் படுக்கையறைச் சூட்டை அவர் தன் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி கூட்டலாம், குறைக்கலாம். "எவ்வளவு பொறுமையான மனுஷர்" என்று நீ வேறு உருகினாய். அதில் பதிந்திருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது அது யார் பேச்சையும் கேட்காது.

சாப்பாடு அடுப்பின்மேல். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்.

பி.கு.: குளிர் தாங்கவில்லையென்றால் அவரையே கூப்பிடு. ஆனால் இந்தத் தடவை விருந்தினர் அவர்.