பதினோராம் வீடு

மார்ச் 4
மேடம் இன்றும் என் தரவைத் திருப்பி அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டருக்குள் இருபது கற்பனை வீடுகள் கட்டி, அவற்றின் பல்பு, கதவுப்பூட்டு, டிவி எல்லாம் இணையத்தில் பேசிக்கொள்வதுபோல் போலித் தகவல் போக்குவரத்தை உண்டாக்குவது என் வேலை. வீட்டுச் சாதனங்களுக்குள் நுழையும் திருடனைக் கண்டுபிடிக்க மேடம் எழுதும் நிரலுக்கு அதுதான் பாடம். சில வீடுகளில் நானே போலித் தாக்குதலும் வைப்பேன்.

“உன் வீட்டுல எல்லாம் ராணுவமாம்மா குடியிருக்கு? எல்லாரும் ஒரே நேரத்துல லைட்டைப் போடுறாங்க, ஒரே நேரத்துல அணைக்கிறாங்க. மனுஷங்க இப்படியா இருப்பாங்க?”

பக்கத்து சீட்டுக்காரன் சிரித்துத் தொலைத்தான். மனுஷர்களுக்கு நான் எங்கே போவது?

மார்ச் 6
அக்கா வீட்டுக்கே போனேன். அதாவது, வேலை கிடைத்ததிலிருந்து நான் ஒண்டியிருக்கும் வீடு. இங்கிருக்கும் பல்பு, பூட்டு எல்லாம் போன வருஷம் நானே வாங்கி மாட்டியவைதான். இன்று ரவுட்டருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினேன். அக்கா கேட்டதற்கு “நெட் ஸ்பீடு பாக்குறதுக்கு” என்றேன். அத்தான் நான் விழுந்துவிடாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

எந்தச் சாதனம் எப்போது பேசியது என்பது மட்டும்தான் பதிவாகும். யாருடைய பேச்சும் பதிவாகாது. அதனால் தப்பில்லை. தப்பில்லைதானே?

மார்ச் 21
பெட்டியில் பதிவானதை அப்படியே போட்டு, இருபதில் அக்கா வீடு பதினோராம் வீடாகிவிட்டது. மேடம் ஏகத்துக்குப் பாராட்டினார். ஆய்வுக் கட்டுரையில் என் பெயர்தான் முதலில் வருமாம்.
“எப்படிம்மா பண்ணினே?”
“ஃபார்முலாவைக் கொஞ்சம் மாத்தினேன் மேடம்.”
வாய் கூசவில்லை.

மார்ச் 25
பதினோராம் வீட்டில் நிரல் ஒரு திருடனைப் பிடித்திருக்கிறது. எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு கதவு திறக்கிறது. டிவி ஓடுகிறது. சாயங்காலம் ஆட்கள் திரும்புவதற்குச் சற்று முன்னால் டிவி அணைந்து, கதவு மறுபடி பூட்டிக்கொள்கிறது. பல நாள் இப்படியே.

“திருட வந்தவன் உக்காந்து சீரியல் பாக்குறான்” என்று பக்கத்து சீட்டுக்காரன் சொல்ல, அறையே சிரித்தது. “நல்ல தாக்குதல்ம்மா இது, கட்டுரைல படமாவே போட்டுடலாம்” என்றார் மேடம்.

அந்த வீட்டில் நான் எந்தத் தாக்குதலையும் வைக்கவில்லை. பூட்டைத் திறந்தது அத்தானின் போன்.

மார்ச் 26
அவருக்கு வேலை போயிருக்கிறது. வேறென்ன? தினமும் தேய்த்த சட்டையோடு கிளம்பி, நாங்கள் போகும்வரை எங்கேயோ நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். “ஆபீஸ் எப்படி?” என்று அக்கா கேட்டால் “வழக்கம்போலத்தான்” என்பார். எனக்குச் சோறு போடுகிற மனுஷன். அவரைத் திருடனாக்கி நான் பேர் வாங்குகிறேன். சீ.

மார்ச் 27
தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி நாளை இணையத்தில் போடுகிறார்களாம்.

மார்ச் 28
சொல்லிவிட்டேன். “அது போலி இல்ல மேடம். எங்க அக்கா வீடு.”
மேடம் கத்தவில்லை. “அவங்களைக் கேட்டியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். கட்டுரை நின்றுவிட்டது. பக்கத்து சீட்டுக்காரனின் உழைப்பும் அதில் இருந்தது. அவன் என் பக்கமே திரும்பவில்லை.

மார்ச் 29
அக்கா கடைக்குப் போயிருந்தாள். பெட்டியைக் கழற்றி அத்தான் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“எத்தனை பேர் பாத்தாங்க?”
“அது நீங்கன்னு யாருக்கும் தெரியாது அத்தான். அக்காவுக்கும் நான் சொல்லல.”
“சிரிச்சாங்களா?”
இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் வரவில்லை.
“ஆமா.”
எழுந்து உள்ளே போய்விட்டார். எங்கேயாவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

மார்ச் 30
ஹாஸ்டல் விசாரித்தேன். இடமில்லை.

ஏப்ரல் 8
காலையில் அக்கா மட்டும் வேலைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, “வேலைக்கு ஆள் கேட்ட அந்தக் கம்பெனிக்கு இன்னைக்காவது போன் பண்ணிடுங்க” என்றாள். அத்தான் பழைய டீஷர்ட்டோடு வாசலில் நின்று “சரி, சரி, நீ கிளம்பு” என்றார்.

என்னோடு இன்னும் பேசவில்லை. மேசையில் என் சாப்பாட்டு டப்பா மூடித் தயாராக இருந்தது. இப்போதெல்லாம் கட்டி வைப்பது அவர்தான். ஆபீஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் சாப்பிட்டேன். மிச்சம் வைக்க மனம் வரவில்லை.