கூரைக்கு ஒரு சின்னம்

3 நவம்பர் 2025, திங்கள்
சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு ஜெனீவா உடன்படிக்கைகள் நடத்தினேன். போர்க்காலத்தில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பு உண்டு, செஞ்சிலுவையோ சிவப்புப் பிறையோ சின்னமாக வைத்த மருத்துவமனையைத் தாக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். என் குரல் எனக்கே கம்பீரமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃபெபியின் அழைப்பு. என் தங்கை; சூடானில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். சண்டை பக்கத்துத் தெருவரை வந்துவிட்டதாம்.

“யக்கா, கூரையில சிவப்புப் பிறை வரையணும்னு பாதிப்பேரு சொல்லுதாங்க. வரைஞ்சா அதையே குறி வச்சு அடிப்பான்னு மீதிப்பேரு. நீ சட்டம் படிச்சவதான, சொல்லு.”

அரசின் அனுமதியோடு வரையலாம் என்றேன்.

“எந்த அரசுக்கா? இங்கன ரெண்டுல்லா இருக்கு.”

4 நவம்பர்
அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “பிறை எதுக்குட்டி? சிலுவையப் போடச் சொல்லு. இல்லன்னா கிளம்பி வரச் சொல்லு.” இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு என்று விளக்கினேன். அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!

வயிற்றுப்பிள்ளைக்காரிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள் ஃபெபி.

6 நவம்பர்
மழை. கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. புத்தகத்தைத் திறந்தேன். ‘பாதுகாக்கப்பட வேண்டும்’. வேண்டும், வேண்டும் — யார் பாதுகாப்பது? அடிக்கிறவன் இதைப் படித்திருப்பானா? வரைய வேண்டாம் என்றால் நான் நடத்துகிற பாடம் பொய். வரை என்று சொல்லி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒண்ணுமே ஓட மாட்டேங்குது.

7 நவம்பர்
‘வரையுங்க’ என்று சொல்லிவிட்டேன். பெயின்ட் கிடைக்கவில்லையாம். கட்டில் விரிப்பில் சிவப்புத் துணியைப் பிறையாகத் தைத்துக் கூரையில் விரித்துவிட்டார்கள்.

9 நவம்பர், ஞாயிறு
நேற்றிலிருந்து ஃபோன் போகவில்லை. ஆராதனையில் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அம்மா என்னோடு பேசவில்லை. சொன்னது சரியா? தப்பா?

11 நவம்பர்
இன்றும் இல்லை.

14 நவம்பர்
ஃபெபி பேசினாள்! குண்டு விழுந்து ஆஸ்பத்திரியின் மேல்மாடி இடிந்துவிட்டது. எல்லாரையும் முன்கூட்டியே கீழ்த்தளத்துக்கு இறக்கியிருந்ததால் பிழைத்தார்கள்.

“குண்டு விழும்போது கூரையில விரிப்பு இருந்துச்சாட்டி?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. அன்னிக்குக் காலையில ஒருத்திக்கு வலி கண்டுட்டு. விரிக்க ஒரு துணி மிச்சமில்ல. நாந்தான் மேல ஏறி அத உருவிட்டு வந்தேன். பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் சொகமா இருக்காவ.”

சின்னத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. அவள் சொல்லும்போது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். என்ன ஜென்மம் நான்! அதற்குப் பிறகுதான் அழுதேன்.

“அது மேலயே கெடந்திருந்தா விட்டிருப்பானுவளாக்கா?”

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அம்மா ஃபோனைப் பிடுங்கி, “வந்துருட்டி” என்றாள். வரமாட்டாளாம். நாளை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வார்டை மாற்றுகிறார்களாம்.

“அங்கன கூரைக்கு என்ன செய்யணும்க்கா?”

“விரிப்பு ரெண்டா எடுத்து வச்சிக்கோ” என்றேன்.