வெள்ளிக்கிழமைக் காவல்

பெப்ரவரி 12, வியாழன்

காலையில் சூடை மீனைக் காயப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எருக்கலம்பிட்டிப் பைசர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கத்துகிறான். முகம் முழுக்கப் பல்.

"மார்த்தாக்கா, தாயும் குட்டியும்! புல்லுத் திடலில! என்ர கண்ணால கண்டன்!"

எங்கள் பக்கத்துக் கடலில் கடற்பன்றி தெரிந்தே எவ்வளவோ காலம். அதுவும் குட்டியோடு! பைசருக்குப் பன்றி என்று சொல்ல வாய் வராது, கடற்பசு என்பான். நோன்பு வருகிற நேரம், பசுவாகவே இருக்கட்டும்.

ஓடினேன். கரையில் நின்று பார்த்தால் வெறும் தண்ணீர். நான் வரத் தாழ்ந்துவிட்டதாம்.

"உன்ர முகத்தைக் கண்டு பயந்திருக்கும்" என்றார் என் மனுசன் பெனடிக்ற்.

"கலியாணத்தண்டு நீங்கள் பயப்படேல்லையே" என்றேன்.

பகிடி கிடக்கட்டும். கடற்புல் மேய அவை வருகிற அந்த ஆழமில்லாத திடலைச் சுற்றி முழுக்க வலை. கடற்பன்றி மீன் இல்லை, எங்களைப் போல மூச்செடுக்க மேலே வரவேண்டிய சீவன். குட்டி வலையில் மாட்டினால் அதோடு சரி. கடற்சீவன்களைக் காக்க இரண்டு ஊரும் சேர்ந்து தொடங்கின எங்கள் சங்கம் இதுவரை செய்ததெல்லாம், வலையை அறுத்து, மாட்டின ஆமையை விட்டதுதான். இது பெரிய வேலை. நான்தான் தலைவி. தேத்தண்ணி ஊற்றப் போன நேரத்தில் என்னைத் தலைவியாக்கிப் போட்டார்கள். திரும்பி வந்தால் கை தட்டுகிறார்கள்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிய மீனவர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். தோட்டவெளியிலிருந்து நாங்கள், எருக்கலம்பிட்டியிலிருந்து பைசர், அவன் மனைவி ஸுஹறா, இன்னும் கொஞ்சப் பேர். திடலைச் சுற்றிக் கம்பு ஊன்றிச் சிவப்புத் துணி கட்டுவது. அந்தக் கம்புக் கோட்டுக்கு உள்ளே ஒருவரும் வலை போடுவதில்லை. பகலில் ஒரு வள்ளத்தில் யாராவது இருந்து பார்ப்பது.

நாள் பிரித்ததும் சுகமாக முடிந்தது. வெள்ளி அவர்களுக்கு ஜும்ஆ, அதனால் வெள்ளிக் காவல் எங்களுக்கு. ஞாயிறு எங்களுக்குப் பூசை, அதனால் ஞாயிறு அவர்களுக்கு. மற்ற நாட்கள் மாறி மாறி. சண்டையில்லாமல் எங்கள் சங்கம் ஒரு விசயத்தை முடித்தது இதுதான் முதல் தடவை.

கடைசியில் கதிர்காமு அண்ணை எழும்பினார். எங்கள் சங்கத்தில் இருக்கிற ஒரே சைவக்காரர்.

"அப்ப எனக்கு எந்த நாள்?"

"உங்களுக்கு அமாவாசை, அண்ணை" என்றேன்.

கட்டிடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எனக்கு மோட்டர் இல்லை, பிள்ளை. கம்பூன்றிப் போற வள்ளம். நீங்கள் எல்லாம் ஆழத்துக்குப் போவியள். இந்தத் திடலை விட்டா நான் எங்க நண்டு வலை போடுறது?"

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும்.

பெப்ரவரி 18, புதன்

இன்று திருநீற்றுப் புதன்; நெற்றியில் திருநீறு பூசி எங்களுக்குத் தவக்காலம் தொடங்கிவிட்டது. அவர்கள் பிறை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து பட்டினி கிடக்கப் போகிறது. காவல் வள்ளத்தில் சாப்பாடு மிச்சம்.

கதிர்காமு அண்ணைக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச் 9, திங்கள்

பைசர் வந்தான். இந்த முறை பல் தெரியவில்லை. கோட்டுக்கு உள்ளே விடியற்காலையில் நண்டு வலை கிடந்ததாம். யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. பச்சைச் சோடாப் போத்தலை மிதப்பாகக் கட்டுகிறவர் இந்தக் கரையில் கதிர்காமு அண்ணை மட்டும்தான்.

"வனசீவராசிக் கந்தோருக்குச் சொல்லுவம், அக்கா. குட்டி செத்தாப் பிறகு சொல்லி என்ன?"

நியாயம்தான். ஆனால் சொன்னால் வலையும் போகும், வள்ளமும் போகும், மனுசனும் உள்ளே போவார். பாஸ்குத் திருநாள் முடியட்டும் என்றேன்.

பைசர் போன பிறகு பெனடிக்ற் கேட்டார், "நீ பகிடி விட்டதுக்காகத்தானே பொறுக்கிறாய்?"

ஓம். வேறென்ன.

மார்ச் 15, ஞாயிறு

கடற்கரையில் கதிர்காமு அண்ணை இருக்கிற ஓலை வாடிக்குப் போனேன். கொய்யாப்பழம் கொண்டு போனேன். அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தார், நிமிரவே இல்லை.

"அண்ணை, ஒரு கதை கதைக்க வேணும்."

"அமாவாசைக்கு இன்னும் நாள் கிடக்குது, பிள்ளை. அப்ப வா."

கொய்யாப்பழத்தை வைத்துவிட்டு வந்தேன். பகிடி விடுகிற எனக்கே திருப்பித் தருகிறார். வேறு நேரமென்றால் நன்றாகச் சிரித்திருப்பேன்.

மார்ச் 21, சனி

ஸுஹறா பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினாள். தவக்காலத்தில் இனிப்பு விட்டிருக்கிறேன் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறாள், ராட்சசி. ஒரு துண்டுதான் சாப்பிட்டேன். பெரிய துண்டு.

மார்ச் 29, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. குட்டி நன்றாக வளர்ந்திருக்கிறதாம். தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து மூச்சு விடுகிறதாம். காவலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொந்தப் பிள்ளை தவழ்ந்த கதை போலச் சொல்கிறார்கள். இந்தக் கிழமை முழுக்கக் கோயில் வேலை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கோயில் சேலை இன்னும் மாற்றவில்லை. எழுதாமல் இருக்க ஏலாது.

பின்னேர வழிபாடு. இயேசுவின் பாடுகள் வாசிக்கிறார்கள், நான் முழங்காலில். சும்மா தலையைத் திருப்பிப் பார்க்கிறேன் — முன் வரிசை வாங்கில் றோய். பக்கத்தில் ஜஸ்ரின். அதற்கடுத்துப் பெனடிக்ற். வெள்ளிக் காவற்காரர் எல்லோரும் வரிசையாக, வெள்ளைச் சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு.

அப்ப கடலில ஆர்?

வெள்ளிக்கிழமை எங்கட நாள். அவங்கள் ஜும்ஆ முடிஞ்சு வீட்டில சாப்பிட்டுப் படுத்திருப்பாங்கள். வருசத்தில ஒரு வெள்ளி எங்களுக்கும் கடல் இல்லையெண்டு ஒருத்தருக்கும் — தலைவி எனக்கும் — நினைவு வரேல்லை. பெரிய வெள்ளி வெள்ளிக்கிழமையில வருமெண்டு யோசிக்காத ஒரு சங்கம் உலகத்தில எங்கட ஒண்டுதான்!

எழும்பிப் போக முடியுமா? சிலுவை முத்தி நடக்கிறது. கர்த்தரே, மன்னித்துக்கொள்ளும், உம்முடைய பாதத்தை முத்தமிடும்போது நான் நினைத்தது அந்தக் குட்டியை.

வெளியே வந்ததும் பெனடிக்றைப் பிடித்தேன். அவர் சிரித்தார். "விசர். இண்டைக்கு ஆர் கடலுக்குப் போறது? நாங்களும் இல்லை, அவங்களும் இல்லை. வலை இல்லாத கடலுக்கு என்ன காவல்?"

"ஒருத்தர் போவார்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கோயில் சேலையோடு கரைக்கு ஓடினேன்.

கதிர்காமு அண்ணையின் வள்ளம் அப்போதுதான் கரை தட்டுகிறது. தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். வள்ளத்துக்குள் வலை — வலை என்று சொல்ல முடியாது, துண்டு துண்டாக ஒரு குவியல். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"கத்தாத பிள்ளை. குட்டி உயிரோட போயிட்டுது."

மணலில் இருந்துவிட்டேன். அவரும் இருந்தார். குரல் அடைத்திருந்தது.

"நெஞ்சளவு தண்ணி. ஒரு கையால அதின்ர மூக்கை மேல பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால அறுக்கிறன். தாய் என்னைச் சுத்திச் சுத்தி வருது. இடிச்சா அதோட நான் முடிஞ்சன். இடிக்கேல்லை. உங்கட காவல்காரர் ஆராவது வருவினமெண்டு கூப்பிட்டன், கூப்பிட்டன், தொண்டை போயிட்டுது. எங்க போனனீங்கள் எல்லாரும்?"

"கோயிலுக்கு."

"அவங்கள்?"

"வெள்ளிக்கிழமை எங்கட நாள், அண்ணை."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அடைத்த தொண்டையோடு இருமி இருமிச் சிரிப்பு. "ரெண்டு பக்கமும் கும்பிடப் போனா, கடலை ஆரிட்ட விட்டிட்டுப் போனனீங்கள்? என்னட்டத்தானே?"

எனக்குச் சிரிக்க வரவில்லை. அழுதேன். பெனடிக்ற் அந்த வலைக் குவியலை வள்ளத்திலிருந்து தூக்கி இறக்கினார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். உயிரோடு இருக்கிறது. குட்டி உயிரோடு இருக்கிறது.

ஏப்ரல் 4, சனி

காலையிலேயே ஸுஹறா. "அல்லாவே, வெள்ளி உங்கட நாளெண்டு நாங்க நினைச்சிட்டமே அக்கா. பெரிய வெள்ளிக்கு விடுமுறையெண்டு கலண்டரில சிவப்பாக் கிடக்கு, நான்தான் பைசருக்குக் காட்டினன், லீவுதானே, மரக்கறி வாங்கிக்கொண்டு வாங்க எண்டு!"

"நாங்கள் அந்த நாளுக்கு நாற்பது நாள் பட்டினி கிடந்து ஆயத்தம் செய்தனாங்கள், உன்னை விட மோசம்" என்றேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நேற்று முழுக்கக் கட்டி வைத்திருந்த சிரிப்பு.

பைசர் சிரிக்கவில்லை. கந்தோருக்குச் சொல்லச் சொன்னவன் அவன். நேரே கதிர்காமு அண்ணையின் வாடிக்குப் போய், அழைக்காமலே வள்ளத்தில் ஏறி இருந்துகொண்டானாம். இரண்டு பேரும் கடலுக்குப் போய்க் குட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதுகில் வலை வெட்டின கோடு மட்டும்தானாம், மேய்கிறதாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அல்லேலூயா. பூசை முடியச் சங்கம் கூடியது. கதிர்காமு அண்ணை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

நான் எழும்பினேன். "அண்ணை, அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி சொல்லாமப் பகிடி விட்டனான். பிழை." இவ்வளவுதான் வந்தது. மற்ற நாள் வாய் மூடாத எனக்கு.

அவர் உள்ளே வந்து ஒரு கதிரையில் இருந்தார். தன் யோசனையைச் சொன்னார்: மோட்டார் இல்லாதவர்கள் மட்டும் கோட்டுக்குள் நண்டு வலை போடலாம். பகலில் மட்டும். வலையோடு கூடவே இருக்க வேண்டும், கடற்பன்றி கிட்ட வந்தால் உடனே தூக்க வேண்டும். விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வலை ஒன்றுகூடக் கூடாது. "என்ர வலையும் அப்பிடிக் கிடந்ததாலதான் மாட்டினது. நான் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தியிருந்தா..."

பைசர் கேட்டான், "அப்ப வெள்ளிக்கிழமை?"

"எனக்கு. பெரிய வெள்ளியும் சேத்து."

இந்த முறை சங்கமே சிரித்தது, அவரும் சேர்ந்து.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. கதிர்காமு அண்ணைக்குப் புது வலை கொண்டு போனோம். நைலோன் வலை றோய் தந்தது, மிதப்பு பைசர் தந்தது, ஈயக்குண்டு கோர்த்தது நானும் ஸுஹறாவும். சர்க்கரைப் பொங்கல் தந்தார். வலையை ஒரு முழம் ஒரு முழமாகக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஈயம் ஒருபக்கம் நெருங்கிப் போச்சு. ஆர் கட்டினது?"

"நான்தான், அண்ணை."

"தெரியுது."

மே 8, வெள்ளி

இன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெயில் நல்லாய் இருந்தது. கட்டா மீனைக் கீறிக் காயப் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். நித்திரையும் வந்தது.

போன் அடித்தது. கதிர்காமு அண்ணை, வள்ளத்திலிருந்து.

"பிள்ளை, உன்ர மனுசன்ர வலை நீரோட்டத்தில அடிபட்டு வந்து கோட்டுக்குள்ள கிடக்குது. தாயும் குட்டியும் கிட்ட நிக்குதுகள். நான் ஒரு பக்கத் தொங்கலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கெதியா வரச் சொல்லு. வராட்டி வெட்டுவன்."

"அது போன கிழமை வாங்கின புது வலை, அண்ணை!"

"புதுசெண்டா நல்லா வெட்டுப்படும்."

பெனடிக்றுக்குச் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார். சோற்றை மூடி வைத்தேன். நல்ல காற்று. திரும்பவும் சாய்ந்துகொண்டேன்.