பெரிய கணக்கு, சின்னக் கணக்கு

ஒக்டோபர் 7, திங்கள்

இன்று சொல்லாமல் விட்டது: எனக்குப் பெரிய கணக்குத்தான் வேண்டும் என்பது. நாக்கு நுனி வரை வந்தது. எதிரில் வதனி அக்கா, பின்னால் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் வரிசையாக. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

காலையிலிருந்து மழை. கலஹாவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை பஸ்ஸில் நின்றபடி. செருப்பு இன்னும் காயவில்லை.

பாடப் பதிவு நாள். முதலாம் வருடத்துக்கு நுண்கணிதம் இரண்டு விதம். கணிதம், பௌதிகம், புள்ளிவிபரவியல் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று. உயிரியல், இரசாயனக்காரர்களுக்குப் பாதிக் கனத்தில் இன்னொன்று. வளாகத்தில் எல்லோர் வாயிலும் பெரிய கணக்கு, சின்னக் கணக்கு. சின்னதை எடுத்தால் பிறகு புள்ளிவிபரவியல் பக்கம் போகவே முடியாது. எனக்கு வேண்டியது அதுதான். சிலரைப் பார்த்து எல்லோரையும் பற்றி எவ்வளவு சொல்லலாம், எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று கற்றுத்தரும் பாடம். எனக்குப் பொருத்தம்.

வதனி அக்கா யாழ்ப்பாணம், மூன்றாம் வருடம். தமிழ்ப் பிள்ளைகளின் குப்பிக்குப் பொறுப்பு. விரிவுரை ஆங்கிலத்தில், விளங்காததை சீனியர்கள் மாலையில் நம் மொழியில் திருப்பிச் சொல்லித்தருவது குப்பி. அது இல்லாமல் முதல் வருடத்தைத் தாண்டியவர்கள் எங்களில் குறைவு.

"நீரும் சின்னதையே எடும். அதுக்குத்தான் எங்கட குப்பி இருக்கு. பெரிசை எங்கட பெட்டையள் ஒருத்தரும் எடுக்கிறேல்லை."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் சிரமம். பாடத்தைப் பார்த்து யாரும் பாடம் எடுப்பதில்லை. குப்பியைப் பார்த்து எடுக்கிறோம்.

அடுத்த வெள்ளி வரை மாற்றலாம்.

ஒக்டோபர் 9, புதன்

வெயில், பிறகு மழை.

பெரிய கணக்கு வகுப்புக்குத் திருட்டுத்தனமாக. கடைசி வரிசை. கிட்டத்தட்ட எல்லோரும் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள். எங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை. அதனால் நான் உயிரியல். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. இங்கே வந்தேன்.

எல்லை பற்றிய பாடம். பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆனால் எல்லோரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒன்று ஏன் சரி என்று விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசினார். பாடசாலையில் 'ஏன்' என்பதற்கு யாரும் எனக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கியதில்லை.

பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளை, பெயர் நிலூகா, பேனை கடன் கேட்டாள். பேச்சோடு பேச்சாக அவர்களுடைய குப்பி பற்றியும் சொன்னாள். செவ்வாய், வியாழன் மாலை. வேண்டுமென்றால் வா என்றாள். சிங்களம் எனக்குப் பிரச்சினை இல்லை, பஸ்ஸில் ஏச்சு வாங்கியே பழகிய மொழி. பிரச்சினை கடைசி பஸ். பாதியில் எழுந்தால்தான் பிடிக்கலாம்.

ஷிஃபானாவிடம் கன்டீனில் சொன்னேன். கட்டுகஸ்தோட்டைக்காரி, முதல் நாளிலிருந்து எனக்கு இடம் பிடித்து வைக்கிறவள். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே இருந்தாள்.

"ஒனக்குப் பைத்தியமா? அங்க நம்மட ஆள் ஒருத்தருமில்ல. நீ பெய்த்தா எனக்கு யாரு?"

ரோல்ஸில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள்.

ஒக்டோபர் 12, சனி

வீடு. துணி தோய்த்தது. காயாது.

- சோப்பு
- குடைக் கம்பி
- விலங்கியல் படங்கள் (பாக்கி)
- முடிவு

இரவல் வாங்கிய நாவலில் ஒருத்தி முடிவெடுப்பதற்கு ஓர் அத்தியாயம் முழுக்க மழை பெய்கிறது. இங்கே ஒரு வாரமாகப் பெய்கிறது.

அப்பாவுக்கு விளக்கப் பார்த்தேன். தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் வேலை. மாத்திரை எண்ணுகிற மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டும் கணக்குதானே. லேசானத எடுத்தா யாரும் அடிப்பாங்களா?"

அம்மா அடுப்படியிலிருந்து: "லயத்து வீட்டாளுங்க கேக்குறாங்க, ஒங்க மக எப்ப ஊசி போடுவான்னு. நான் என்னத்த சொல்லட்டும்?"

அப்பா சிரித்தார். நானும். பிறகு அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவார்களா என்று கேட்டார். மாட்டார்கள், திரும்ப எழுதலாம் என்றேன். அப்படியானால் உன் இஷ்டம் என்றார். எனக்கு அனுமதியைவிட யாராவது பிடித்துத் தள்ளினால் நன்றாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

மாற்றுவதற்கு விரிவுரையாளரின் கையெழுத்து வேண்டும். அறை வாசலில் நின்று சுவரொட்டி எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். பிறகுதான் தட்டினேன்.

சிங்களத்தில் கேட்டேன். இணைந்த கணிதம் செய்தாயா என்றார். இல்லை. உயிரியல் பிள்ளைகள் எடுக்கக் கூடாது என்று சட்டமா சேர் என்றேன். அப்படி எதுவும் கிடையாது, ஆனால் கஷ்டம், போன வருடம் வந்தவர்களில் பாதிப் பேர் பரீட்சையில் விழுந்தார்கள் என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்தது.

பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்: தமிழ்ப் பெண் பிள்ளைகள் இந்தப் பாடத்துக்கு வருவதே இல்லை, உங்களுக்குப் பிடிக்காதோ?

அவர் நாங்கள் விரும்பவில்லை என்று நினைத்திருக்கிறார். நாங்கள் அவர்கள் விடமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறோம். குப்பி இல்லாததால் யாரும் எடுக்கவில்லை. யாரும் எடுக்காததால் குப்பி இல்லை. எத்தனை வருடமாக இப்படியோ. வாசலில் மறித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

கையெழுத்துப் போட்டார். படிவத்தை இன்னும் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. தலையிடி.

ஒக்டோபர் 17, வியாழன்

யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஷிஃபானா இல்லை என்று நம்புகிறேன்.

வதனி அக்கா நூலகப் படியில் மறித்தார். சத்தம் போடவில்லை. கொஞ்சம் இளைத்துத் தெரிந்தார், அவருக்கும் பரீட்சை.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் உம்மைத் தின்னவே போறன்?"

மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியவில்லை. எடுக்கக் கூடாதென்று சட்டம் இல்லையாம் என்றும் சொன்னேன்.

"ஓம், சட்டம் இல்லைத்தான். ஆனா நீர் விழுந்தா உம்மை மட்டும் கதைக்க மாட்டினம். தமிழ்ப் பிள்ளையளுக்கு ஏலாதாம் எண்டுதான் கதைப்பினம். அதையும் சேர்த்து யோசியும்."

யோசித்தேன். பஸ் முழுக்க யோசித்தேன். நான் ஒருத்தி விழுவதை வைத்து எல்லோரையும் அளப்பது எவ்வளவு பெரிய பிழை என்று நிறுவுவதற்கே ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் கேட்கிறேன். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். படியில் தோன்றவில்லை.

ஒக்டோபர் 18, வெள்ளி

மழை இல்லை. கொடுத்தேன். அலுவலக அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஷிஃபானா வெளியே நின்றாள். "குடுத்திட்டியா?" "ம்." கண்டி பஸ்ஸுக்கு என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

தூக்கம் வருகிறது. வேறொன்றும் இல்லை.

சனவரி 12, திங்கள்

இந்தக் கொப்பியைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல். குளிர். ஹந்தானை மலை தெரியவில்லை.

பெரிய கணக்கில் முதல் தடவை தோற்றேன். பேசியிருப்பார்கள், என் காதில் விழவில்லை. மறுபடி எழுதிச் சித்தியடைந்தேன். திரும்ப எழுதுகிறவர்களுக்கு 'சி'க்கு மேல் தருவதில்லை, அதை வைத்துக்கொண்டு சிறப்புப் பட்டம் கேட்க முடியாது. அது போனது. பொதுப் பட்டத்தில் புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகத் தந்திருக்கிறார்கள், எனக்கு அடுத்த வருடம் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க.

இன்று காலை முதல் வகுப்பு. போனேன்.