நாண் ஏற்றிய இடத்தில் ஒரு வேலி

3 ஜூன் 2024, திங்கள்

துணி காயப் போட இன்றும் இடம் போதவில்லை. கொல்லையில் நன்றாக வெயில் விழுவது சீத்தா மரத்துக்கு இந்தப் பக்கம்தான். அங்கேதான் வேலி. வேலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சவுக்குக் கட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி கட்டி நட்டு வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர் ஜெயகரன். 2022 ஆகஸ்டிலிருந்து நிற்கிறது. கரையான்கூட அரிக்கவில்லை. அதற்கும் சொல்லி வைத்திருப்பார்.

தங்கச் சுரங்கத்து மைன்ஸ் குடும்பத்துப் புத்தி. ஷாஃப்டு என்கிற சுரங்கக் குழிக்குள் ஆள் அடிபட்டால் அந்த இடத்தைக் கட்டை போட்டு அடைத்துவிடுவார்களாம். விசாரணை நடந்து, யார் தப்பு, எதனால் தப்பு என்று எழுதி முடிக்கும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. இவர் மைனில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. தினமும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் கம்பெனிக்குப் போகிற ஆள். ஆனாலும் என் இடது கண் போன இடத்தை அடைத்துவிட்டார். எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீட்டுக் கொல்லைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்?

5 ஜூன்

நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் நடந்து போனால் கால் மணி நேரம். ஆனால் வாசலில் இவர் அமர்த்திய இன்பராஜ் ஆட்டோ நிற்கிறது. "இன்னைக்கு நடந்து போறேம்பா" என்றேன். "அய்யய்யோ, அண்ணன் என்னைத் தொலைச்சிடுவாரு. ஏறுங்கக்கா" என்றான். ஏறினேன். பதினோரு மணிக்கு அவரிடமிருந்து ஒரு போன், ஒன்றரைக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று.

காலையில் ரயிலுக்குக் கிளம்பும் முன் வெங்காயம் நறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுப் போகிறார், நான் கத்தியைத் தொடக் கூடாதாம். யாரிடம் சொல்லி அழுவது? கேட்கிறவர்கள் "குடுத்து வெச்சவ" என்பார்கள்.

7 ஜூன்

அப்பளம் பொரித்து இரண்டு வருஷம் ஆகிறது. எண்ணெய் தெறிக்குமாம்.

10 ஜூன், திங்கள்

ஹெட்மிஸ்ட்ரஸ் மமதா மேடம் கூப்பிட்டார். பள்ளிக்கு யாரோ ஆறு வில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நுனி வெளிப்பக்கம் வளைந்த நல்ல வில். பெண்பிள்ளைகளுக்கு வில் வகுப்பு தொடங்க வேண்டுமாம்.

"கோலார்ல பத்து நாள் வில் ட்ரெயினிங் போனது நீங்க ஒருத்தர்தான் லூயிசா. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஸ்கூலுக்குக் குடுத்துடுவாங்க."

அந்த ரூமில் ஒரு வில்லை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பத்து நாள் கற்றதெல்லாம் விரலில் அப்படியே இருந்தது. உடனே சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணில் கட்டோடு, பைபிளைக் கையில் கொடுத்து என் வீட்டுக்காரர் சத்தியம் வாங்கியிருக்கிறார். இனிமேல் வில்லைத் தொட மாட்டேன் என்று. என் சொந்த வில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதன் சாவி அவருடைய ரயில் பாஸோடு தினமும் பெங்களூர் போய் வருகிறது.

12 ஜூன்

இன்று மட்டும் நான் கத்தாமல் இருந்திருந்தால்.

மூன்றாவது பீரியட். மைதானத்தில் பி.டி. மாஸ்டர் விநாயக் ஒரு வில்லைக் காலுக்கு நடுவில் விட்டு, கீழ் நுனியைக் கணுக்காலில் கொக்கி போட்டு, தொடையில் வைத்து வளைத்துக்கொண்டிருக்கிறார். சுற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தி நாண் மாட்டுகிறதா என்று மேல் நுனிக்கு நேராக மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதே மாதிரி. நான் நின்ற மாதிரியே.

"தள்ளிப் போங்கடீ!" என்று நான் கத்தியதில் விநாயக் வில்லையே போட்டுவிட்டார்.

"இன்னா மேடம், உயிரே போச்சு. பின்ன எப்படித்தான் மாட்றது?"

"வில்லை வளைச்சு நாண் மாட்ட ஒரு கயிறு வந்திருக்குமே, ரெண்டு பக்கமும் தோல் தொப்பி வெச்சது?"

"அதுவா? அது பையைத் தோள்ல மாட்றதுன்னு நெனச்சேன். அதுல பந்தைக் கட்டி வெச்சிருக்கேன்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அவரே சொன்னார்: "நீங்க வந்து சொல்லிக் குடுங்க மேடம். இல்லன்னா நான் இப்படித்தான் மாட்டணும்."

13 ஜூன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதுகிறேன்.

2022 ஆகஸ்ட் 14, ஞாயிறு, கோயில் முடிந்து வந்த மத்தியானம், என் வில்லுக்கு நாண் ஏற்ற உட்கார்ந்தோம். தொப்பிக் கயிற்றைப் பள்ளியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அவர்தான், "கயிறு இன்னாத்துக்கு, கால்லயே வளைச்சிடலாம்" என்றார். வளைத்தார். ஊரே அறிந்த கதை இதுதான். ஜெயகரன் கை நழுவி லூயிசா கண் போச்சு.

கை நழுவவில்லை. அவர் ஒழுங்காகத்தான் வளைத்தார். மேல் நாண் வளையமும் நுனியில் அதற்கென்று இருக்கும் வெட்டில் உட்கார்ந்துவிட்டது. கீழ் நுனியில் நாணை மாட்டிக் கொடுத்தவள் நான். அது வெட்டில் உட்கார்ந்ததா என்று பார்க்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "ம், மாட்டிட்டேன், வளைங்க" என்றேன். அவர் கையை எடுத்ததும் கீழே நாண் விட்டுக்கொண்டது, வில் தெறித்து மேல் நுனி என் கண்ணில்.

பத்து நாள் ட்ரெயினிங்கில் தினமும் சொன்னது அந்த ஒன்றைத்தான். கையை எடுக்கும் முன் கீழே பார், மேலே பார். இவருக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும்.

முதல் நாள் வலியில் சொல்லவில்லை. அப்புறம் அவர் அழுதார், சொல்லவில்லை. அப்புறம் அவர் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார். அப்போது ஏன்டி சொல்லல? நல்லா இருந்துச்சா? ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு. அதான் உண்மை. இப்ப மூச்சு முட்டுதுன்னா யாரைக் குத்தம் சொல்றது?

16 ஜூன், ஞாயிறு

கேட்டேன். சாவி கொடுங்கள், பள்ளியில் வகுப்பு எடுக்கப் போகிறேன் என்றேன்.

"ஒரு கண்ணு என் கையால போச்சு. இன்னொண்ணையும் குடுத்துட்டு வரேன்றியா?" என்று கேட்டவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். தலை நரைத்துவிட்டது அவருக்கு, நாற்பது வயதில்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழை.

19 ஜூன்

மைதானத்தில் விநாயக் என்னைப் பார்க்கும்போதெல்லாம், என்ன ஆச்சு என்று கையை விரித்துக் காட்டுகிறார். இன்னும் பதினொரு நாள். நான் போகாவிட்டால் அவர் மறுபடி காலில்தான் வளைப்பார், அந்தப் பெண் மறுபடி மூஞ்சியை நீட்டுவாள்.

23 ஜூன், ஞாயிறு

கோயிலில் அவர் வழக்கம்போல் எல்லாரும் எழுந்தபிறகும் மண்டியிட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"வேலியை எப்ப எடுப்பாங்க?"

"இன்னா?"

"உங்க மைன்ஸ்ல. கட்டை போட்டு அடைச்சா எப்ப எடுப்பாங்க?"

"விசாரணை முடிஞ்சா எடுப்பாங்க."

"அப்ப விசாரணை நடத்துங்க. ரெண்டு வருஷமா என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இடம், தேதி, நேரம், இருந்தவர்கள் எல்லாவற்றையும் நானே எழுதினேன். 'காரணம்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுத முடியவில்லை, வாயால் சொல்லிவிட்டேன். கீழ் நாண், குழம்பு, "மாட்டிட்டேன், வளைங்க" எல்லாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னுடைய நல்ல கண்ணையே பார்த்தார்.

"தினம் நான் கர்த்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுகினு இருந்தேன் லூயிசா. நீ பக்கத்துலயே மண்டி போட்டுகினு இருந்தியே."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

24 ஜூன்

டப்பாவில் வெங்காயம் இல்லை.

26 ஜூன்

ஆட்டோவும் வரவில்லை. பதினொரு மணிப் போனும் இல்லை. இதைத்தானே கேட்டாய்? வெங்காயத்தை நானே நறுக்கினேன், ரசத்தோடு அப்பளமும் பொரித்தேன். பொரித்த அப்பளம் அப்படியே கிடந்தது. அவர் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

வீடு முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது. மமதா மேடத்திடம் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வாங்கிய சத்தியத்தை அவர்தானே விட வேண்டும்.

28 ஜூன்

தொப்பிக் கயிறு ஒன்றைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். புது நாணும். பார்த்துவிட்டு உள்ளே போனார்.

30 ஜூன், ஞாயிறு

எழுந்து வந்தபோது கொல்லைக் கதவு திறந்திருந்தது. சீத்தா மரத்தடியில் கட்டைகள் இல்லை. இரண்டு குழி மட்டும், புது மண் தள்ளி மூடியிருந்தது. கயிற்றுக் கட்டில்மேல் என் வில். பக்கத்தில் அந்த நோட்டு. நான் பாதியில் விட்ட 'காரணம்' என்பதன் கீழே அவர் கையெழுத்து:

'கீழ் நாணைப் பார்க்காதது லூயிசா. பார்த்தாயா என்று கேட்காதது ஜெயகரன். கயிறு இல்லாமல் செய்தது இரண்டு பேரும். இனி கயிறு இல்லாமல் யாரும் செய்யக் கூடாது.'

அவர் சுவரோரம் நின்றிருந்தார். "ஏத்து, பாக்கறேன்" என்றார்.

வில்லின் வளைவு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொண்டேன். கீழ் நாணை மாட்டினேன். மேல் நாண் வளையத்தை மேல் நுனி வழியாகக் கோத்து, வில் தண்டில் கொஞ்சம் கீழே இறக்கி விட்டேன். தொப்பி போட்டுவிட்டால் கீழ் நுனி தெரியாது. அதனால் போடும் முன் நின்றேன். அவர் வந்து குந்தி உட்கார்ந்து, வெட்டில் நாண் ஓடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கீழ உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, எழுந்து எனக்குப் பின்னால் போய் நின்றார்.

இரண்டு நுனியிலும் தொப்பி. கயிற்றை மிதித்து, மூஞ்சியை ஒதுக்கிக்கொண்டு, பிடியை நேராக மேலே தூக்கினேன். வில் வளைந்து கொடுத்தது. மேல் நாணை வெட்டுக்குத் தள்ளினேன். அப்படியே நின்று, மேலே பார்த்தேன். மெதுவாக இறக்கி, தொப்பியைக் கழற்றிக் கீழேயும் பார்த்தேன். நாண் நின்றது.

"இன்னைக்கே மமதா மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிடு" என்றார். சாவியையும் கட்டிலில் வைத்தார்.

பிறகு கோயிலுக்குக் கிளம்பினோம். இரண்டு வருஷமாக என் இடது பக்கத்தில், முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர். இன்று பத்தடி முன்னால் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி வண்டி வருகிறதா என்று நானே பார்த்துக்கொண்டு, பின்னால் நடந்தேன்.