வெட்டிப் போட்ட பேச்சு

இன்று காலையும் சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நம் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. என்னையும் என் வீட்டுக்காரரையும் புழுதியில் விட்டுவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் சட்டென்று போனைத் தூக்கினாள். "அந்த வீடியோ அக்கா மாதிரி நீங்களும் திட்டுங்க பாப்பம். செம கன்டென்ட்டுங்க."

என் பக்கத்து வீட்டுக்காரி உன்னைத்தான் சொன்னாள்.

இவருக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நாளில் பஸ் தவறினால் ஆஸ்பத்திரியில் முறையும் தவறும். அதற்காகத்தான் அன்று நீ முந்தானையைச் செருகிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றாய். "ஏன்டா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று நீ ஆரம்பித்த ஆரம்பத்தில் டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உன் குரல் இறங்கியது. "இவ ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரி போவோணுமுங்க. நின்னு ஏத்திட்டுப் போங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். நீ ஒருவரைக் கும்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

உன் தம்பி மகன் அதைப் படம்பிடித்துப் போனில் போட்டான். ஊரே பார்த்தது. திட்டு முழுசாக இருந்தது, கும்பிட்டது இல்லை. ஏன் என்று கேட்டாய்.

"அது போரடிக்கும் அத்தை. திட்டறதுதான் கன்டென்ட்டு."

"அப்ப நான் எதுக்குத் திட்டுனேன்னு ஒருத்தருக்கும் தெரியாதா சாமி?"

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவன் காட்டினான்.

அதன் பிறகு நீ வாயைத் திறந்தாலே போன்கள் மேலே வந்தன. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்றாய், அதற்கும் சிரித்தார்கள். முன்பு பயந்தாவது நிறுத்திய டிரைவர், சிரித்துக் கையாட்டிவிட்டு நிறுத்தாமல் போனார். "இனி நான் பேசி என்னத்துக்கு ஆவுது" என்று என்னிடம் சொன்னவள், அப்படியே அடங்கிப் போனாய். நீ செத்த அன்றும் உன் தம்பி மகன் அந்தத் திட்டையே சோகப் பாட்டு போட்டு மறுபடி ஏற்றினான். கீழே சிரிப்புப் பொம்மைகள்.

அடுத்த பஸ் வந்தபோது நான் நடுரோட்டில் போய் நின்றேன். பிரேக் போட்டு நின்றது. அந்தப் பெண் ஆசையாகப் போனை நீட்டினாள். நான் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரி போவோணுமுங்க. நின்னு ஏத்திட்டுப் போங்க சாமி" என்றேன். உன் தம்பி மகன் வெட்டிப் போட்ட உன் பேச்சு, ஒரு சொல் மட்டும் மாற்றி.

அவள் உதட்டைப் பிதுக்கிப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாங்கள் ஏறிக்கொண்டோம்.